எங்கள் வேதியியல் ஆய்வகத்தைத் திருப்பிக் கொடுங்கள்: கல்லூரி அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் அறங்காவலர் குழுவினருக்கும்,

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆராய்ச்சி அறைக் கதவில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. வரும் கல்வியாண்டில் எம்.எஸ்சி. வேதியியலுக்குச் சேர்க்கை இல்லை, ஆராய்ச்சி அறை கணினி ஆய்வகமாக மாற்றப்படும், அங்குள்ள பொருட்கள் அப்புறப்படுத்தப்படும் என்று அதில் இருந்தது. திங்கட்கிழமை காலை நான் வருவதற்குள் அப்புறப்படுத்தும் வேலை தொடங்கியிருந்தது.

மேசை மேல் நாற்பத்து நான்கு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு சொன்னார்: "உள்ள கறுப்பா அழுக்கு ஒட்டிட்டு இருந்துச்சுங்க மேடம். பிரஸ் போட்டுத் தேச்சுக் கழுவி வெச்சுட்டனுங்க." அவர் மேல் ஒரு சொல்லும் விழக்கூடாது. காலி செய்யச் சொன்னார்கள், அவர் ஒழுங்காகச் செய்தார். அந்தக் கறுப்பு என்ன என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. எனக்கும் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

துறைத் தலைவர் வழியாக ஒரு கடிதம், முதல்வர் வழியாக ஒன்று, உங்கள் அலுவலக முகவரிக்கு நேராக ஒன்று என்று மூன்று எழுதினேன். பதில் இல்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. யாரையும் தலைகுனிய வைப்பது என் நோக்கம் இல்லை. எனக்கு வேண்டியது ஆய்வகம்.

அந்தக் குப்பிகளில் இருந்தது அழுக்கு அல்ல, வினையூக்கி, அதாவது தான் தீராமல் ஒரு வினையை வேகமாக நடத்திவைக்கும் பொருள். கார்பன் டை ஆக்சைடை எபாக்சைடு என்ற, இறுக்கமான சின்ன வளையம் கொண்ட பொருளோடு சேர்த்து வளையக் கார்பனேட் ஆக்குவதுதான் எங்கள் வேலை. லித்தியம் அயனி பேட்டரிக்குள் இருக்கிற திரவத்தில் சேருகிற எத்திலீன் கார்பனேட் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உள்ளே போகிற அணுக்கள் அத்தனையும் விளைபொருளிலேயே வந்து சேரும், ஒன்றுகூட வீணாகாது. ஆனால் இரண்டையும் சும்மா ஒரு கலனில் போட்டு வைத்தால் நடக்காது. கார்பன் டை ஆக்சைடு எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி, லேசில் அசையாது. ஒரு புரோமைடு அயனி வந்து எபாக்சைடின் வளையத்தைத் திறந்துவிட வேண்டும். திறந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வந்து உட்காரும். வளையம் மறுபடி மூடும்போது புரோமைடு வெளியே வந்து அடுத்த மூலக்கூறைத் தேடிப் போகும்.

இதற்கு டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு என்ற உப்பே போதும், நன்றாக வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால் அது விளைபொருளுக்குள்ளேயே கரைந்து கிடக்கும். பாலில் கரைந்த சர்க்கரையைத் திரும்ப எடுப்பது போலத்தான் அதைப் பிரிப்பது. பிரிக்க ஆகிற செலவையும் சூட்டையும் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தியதன் லாபம் கரைந்தே போய்விடும். அதனால் நாங்கள் அந்த அம்மோனியம் தொகுதியை ஒரு சின்ன வேதிச் சங்கிலியால் மேக்னடைட் என்ற, காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடுத் துகளின் மேல் கட்டினோம். நம் ஊரில் மாட்டை முளைக்குச்சியில் கட்டி மேய விடுவது போல. கயிற்று நீளத்துக்கு மேயும், பொழுது சாய்ந்ததும் பிடித்து வந்துவிடலாம். இங்கே பிடித்து வருவது காந்தம்.

இதை நீங்கள் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். இரும்பு உப்புகள் இரண்டையும் கரைத்து அம்மோனியாவை ஊற்றினால் காப்பிக் கலரில் இருந்த கரைசல் சட்டென்று கறுத்துவிடும். அதுதான் மேக்னடைட். அதற்கு மெல்லிய சிலிக்கா உறை போட்டு, அதன் மேல் அம்மோனியம் தொகுதியைக் கட்டி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் எபாக்சைடோடு போட்டு, கார்பன் டை ஆக்சைடை அழுத்தத்தில் விட்டுச் சூடேற்றுவோம். வினை முடிந்து வெளியே எடுக்கும்போது கலங்கிய கறுப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். குடுவையின் ஓரத்தில் ஒரு காந்தத்தை வைத்தால், ஒரு நிமிடத்தில் கறுப்பெல்லாம் அந்தப் பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், மீதி தெளிந்துவிடும். தெளிந்ததை ஊற்றி எடுத்துவிட்டு, கறுப்பைக் கழுவி, ஓவனில் ராத்திரி முழுக்க உலர்த்தி, காலையில் அதையே அடுத்த சுற்றுக்குப் போடுவோம். ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டு எடுத்து, எண் எழுதிக் குப்பியில் வைப்போம். நான்கு வகை வினையூக்கி, ஒவ்வொன்றுக்கும் பதினொரு சுற்று. நாற்பத்து நான்கு குப்பிகள் அப்படித்தான் வந்தன.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, சொல்லாமல் போக முடியாது. வினையூக்கியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம் என்று காட்டும் பல ஆய்வுகளில், ஒவ்வொரு முறையும் வினை முழுதாக முடியும் வரை ஓட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வினையூக்கியில் பாதி செத்துப்போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் முடிந்த வேலை நான்கு மணி நேரம் எடுக்கும், நீங்கள் ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். என் ஆய்வு மாணவி முதலில் அப்படித்தான் செய்திருந்தார். நான்தான் தடுத்தேன். பாதி வினையில் நிறுத்தி அளக்கச் சொன்னேன். எல்லாச் சுற்றுகளையும் முதலிலிருந்து செய்தார். அப்புறம், வினை நடந்துகொண்டிருக்கும்போதே சூட்டோடு வினையூக்கியைப் பிரித்தெடுத்து, மீதித் திரவத்தில் வினை தொடர்கிறதா என்று பார்க்கும் சோதனை. தொடர்ந்தால், கட்டியது அவிழ்ந்து கரைந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்பது மாதம் ஆயிற்று. அவர் சென்னிமலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அப்பா தறி ஓட்டுகிறார். ஓவனில் உலர வைத்ததைக் காலையில் எடுக்க வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமைகளிலும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார்.

பதினொன்றாவது சுற்றில் நான்கு வகையில் மூன்று களைத்துப்போயின. ஒன்று மட்டும் தாங்கி நின்றது. ஏன் என்று தெரிய வேண்டும். கட்டிய தொகுதி அவிழ்ந்துவிட்டதா, சிலிக்கா உறை உடைந்ததா, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டனவா? கோவையில் ஒரு கருவி மையத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு நாள் வாங்கியிருந்தோம். அந்தக் கேள்விக்கான பதில் அந்தக் குப்பிகளுக்குள்தான் இருந்தது. குப்பிகள் இப்போது சுத்தமாக இருக்கின்றன.

ஆட்டோகிளேவ் வராந்தாவில் உடைந்த நாற்காலிகளோடு கிடந்தது. மூடியை இறுக்கும் ஆறு போல்ட்டுகளில் இரண்டைக் காணவில்லை. எடைக்குப் போடுவதற்காக எடுத்து வைத்திருந்தார்கள். போல்ட் கிடைத்தாலும், தரையில் உருண்ட அழுத்தக் கலனை மறுபடி அழுத்தச் சோதனை செய்யாமல் ஒரு மாணவி முன்னால் வைக்க மாட்டேன்.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். சேர்க்கை குறைவு என்கிறீர்கள். உண்மைதான், இந்த ஆண்டு எம்.எஸ்சி.யில் ஒன்பது பேர்தான். கணினிப் பாடத்துக்குக் கூட்டம் வருகிறது, அவர்களுக்கும் இடம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் பூட்டிய இரண்டு அறைகள் இருப்பது உங்களுக்கும் தெரியும். புகை உறிஞ்சிப் பெட்டியும் கேஸ் லைனும் போட்ட அறையைத்தான் கணினிக்குக் கொடுக்க வேண்டுமா?

இதெல்லாம் ஐ.ஐ.டி.க்காரர்கள் செய்ய வேண்டிய வேலை, நமக்கு எதற்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். அவருக்குத்தான் இந்த மடலில் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

ஐயா, உங்களில் பலர் மில் நடத்துகிறீர்கள். சாயப்பட்டறை வைத்திருக்கிறீர்கள். மில்லில் தள்ளிய கழிவுப் பஞ்சை வாங்கி அதில் நூல் நூற்று, அதைத் துண்டாகவும் ஜமுக்காளமாகவும் விற்று எழுந்த ஊர்கள் நம்முடையவை. பனியன் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட்டைக்கூட இங்கே யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. புகளூர்க் காகித ஆலையில் சுண்ணாம்புச் சேற்றையும் சாம்பலையும் சிமெண்ட் ஆக்குகிறார்கள். எறிகிற பொருளில் காசு இருக்கிறது என்று கொங்கு நாட்டுக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் கேட்பது, அதே கண்ணோடு புகைபோக்கியையும் பாருங்கள் என்பதுதான்.

எங்கள் தோட்டம் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. விவசாயத்துக்கென்று 1992இல் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் தண்ணீர் தேங்கியது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிய மிளகாய் நாற்று மூன்றே நாளில் நுனி கருகியதை நான் சின்ன வயதில் பார்த்தேன். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. நான் வேதியியல் படித்தது அதனால்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது திருப்பூர் எப்படி இருந்தது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன்பு, உப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவது நடக்காத காரியம் என்றார்கள். இன்று நீங்களே நிறத்தை நீக்கிய உப்புக் கரைசலை மறுபடி சாயத் தொட்டிக்கு விடுகிறீர்கள். தண்ணீரில் அதைக் கற்றுக்கொள்ள இருபது ஆண்டும் ஒரு நீதிமன்ற உத்தரவும் தேவைப்பட்டன. அதற்குள் எத்தனை தோட்டம் போயிற்று! புகையிலும் அப்படிக் காத்திருக்க வேண்டுமா?

கார்பன் டை ஆக்சைடுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. மேட்டூர் அனல்மின் நிலையம் 1440 மெகாவாட். மதுக்கரையில் சிமெண்ட் ஆலை. சேலத்தில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சூளை. நூறு கிலோ சுத்தமான வெள்ளைக்கல்லைச் சுட்டால், அதில் 52 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மேலே போய்விடும், மீதி 48 கிலோதான் மெக்னீசியாவாகக் கையில் நிற்கும். எடையில் பாதிக்கு மேல் காற்றில் விடுகிற தொழில் அது. சாராய ஆலைகளில் கரும்புப் பாகு புளிக்கும்போது வருவது ஏறக்குறைய கலப்படமே இல்லாத கார்பன் டை ஆக்சைடு. அப்புறம் உங்கள் பாய்லர்கள், விறகிலும் நிலக்கரியிலும் இரவு பகலாக.

இது கனவு இல்லை. தூத்துக்குடியில் 2016இல் ஒரு நிலக்கரிப் பாய்லரின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துச் சோடா ஆஷ் செய்யத் தொடங்கினார்கள், ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது அவர்கள் திட்டம். உங்கள் பட்டறையில் சாயத்தைத் துணியில் நிற்க வைக்கிற அதே சோடா ஆஷ். ஐஸ்லாந்தில் 2012இல் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் வினையூக்கி மேல் செலுத்தி, எரிபொருளாகவும் பயன்படும் மெத்தனால் என்ற ஆல்கஹாலை எடுக்கும் ஆலை வந்தது. 1994இல் வேதியியல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஓலாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். சீனாவின் ஆன்யாங்கில் 2022இல் ஆண்டுக்கு 1,10,000 டன் மெத்தனால் எடுக்கும் ஆலை வந்துவிட்டது. சர்க்கரை ஆலைக்காரர்கள் உங்கள் குழுவிலும் இருக்கிறீர்கள், டன் கணக்கு உங்களுக்குப் புரியும்.

கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். வினையூக்கி வழியைச் சுலபமாக்கும், சக்தியைத் தராது. ஒரு டன் மெத்தனாலுக்கு 1.4 டன் கார்பன் டை ஆக்சைடும் 190 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்கச் சுமார் 50 யூனிட் மின்சாரம் ஆகும். ஆக, ஒரு டன்னுக்கு 9,500 யூனிட். அதை நிலக்கரி மின்சாரத்தில் செய்தால் பிடித்ததைவிட விட்டது அதிகமாகிவிடும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடத்திலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் காற்றாலை நட்டிருப்பவர்கள் நீங்கள்தானே? ஆடிக் காற்றில் மின்சாரம் மிஞ்சி, காற்றாலையை நிறுத்தி வைக்கச் சொல்லும்போது வருத்தப்படுகிறவர்களும் நீங்கள்தான். எங்கள் கார்பனேட் வேலைக்கு ஹைட்ரஜனே தேவையில்லை, எபாக்சைடில் இருக்கிற இறுக்கமே வினையைத் தள்ளிவிடும். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அதைத் தேர்ந்தெடுத்ததன் காரணமும் அதுவே. இதனால் மேட்டூர்ப் புகை நின்றுவிடும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உலகத்துக்குத் தேவையான கார்பனேட் அத்தனையையும் இப்படிச் செய்தாலும், வெளியே போகிற புகையில் அது ஒரு சிறு துளி. ஆனால் வினையூக்கியைக் கட்டவும், மீட்கவும், அது எந்தச் சுற்றில் எதனால் சாகிறது என்று நேர்மையாக அளக்கவும் தெரிந்த பிள்ளைகள் இருந்தால்தான் நாளைக்கு மெத்தனால் ஆலை வந்தாலும் நம் ஊர்க்காரர் அதை நடத்த முடியும். இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து டப்பாவில் வரும் வினையூக்கியை விலை கேட்காமல் வாங்கிப் போட வேண்டியதுதான்.

பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. எல்லோரும் சிலிண்டரில் வரும் சுத்தமான வாயுவைக் கொண்டு சோதிக்கிறோம், நாங்களும் அப்படித்தான். நிஜமான பாய்லர் புகையில் கார்பன் டை ஆக்சைடு நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துதான். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன், கூடவே ஈரம், தூசு, நிலக்கரி என்றால் கந்தகம். மெத்தனாலுக்குப் போடும் தாமிர வினையூக்கியைக் கந்தகம் கொன்றுவிடும். எங்கள் கறுப்புத் தூள் அந்தப் புகையில் எத்தனை சுற்றுத் தாங்கும்? நம் கல்லூரி வாசலிலிருந்து பார்த்தாலே நான்கு புகைபோக்கிகள் தெரிகின்றன. அதில் ஒன்று, குழுவில் இருப்பவருடையது. அவர் சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், அடுத்த வாரமே சோதித்துவிடலாம்.

நான் கேட்பவை இவைதான். ஆராய்ச்சி அறையைக் கணினி ஆய்வகமாக்கும் வேலையை உடனே நிறுத்தி, மூன்று ஆண்டுகளுக்கு எங்களிடமே விடுங்கள். கணினிகளுக்கு மூன்றாம் தளத்து அறைகளைத் திறந்து கொடுங்கள். எடைக்குப் போக இருக்கும் பொருட்கள் எதுவும் கல்லூரி வாசலைத் தாண்டக் கூடாது. துறையின் கையெழுத்தோடு ஒரு பட்டியல் எடுங்கள். ஆட்டோகிளேவை அழுத்தச் சோதனைக்கு அனுப்புங்கள், அந்தச் செலவில் பாதியை நான் என் சம்பளத்திலிருந்து தருகிறேன். பாதியில் நிற்கும் ஆய்வு மாணவர்கள் இருவரும் பட்டம் முடிக்கும்வரை ஆய்வகம் மூடப்படாது என்று எழுத்தில் கொடுங்கள். சென்னிமலைப் பெண்ணுக்கு, இழந்த ஒன்பது மாதத்துக்குக் கல்லூரி உதவித்தொகையை நீட்டியாக வேண்டும். எம்.எஸ்சி. சேர்க்கையை இன்னும் இரண்டு ஆண்டு திறந்து வையுங்கள், ஆள் சேர்க்கும் பொறுப்பைத் துறையே ஏற்கும், ஊர் ஊராகப் பள்ளிகளுக்கு நாங்கள் போகிறோம். உங்களில் ஒருவர், பாய்லர் புகைக்குழாயில் அரை அங்குல வால்வு ஒன்று வைக்க அனுமதி கொடுங்கள். ஆய்வகத்தைக் காலி செய்யும் முன் துறையைக் கேட்க வேண்டும் என்று ஒரு விதியும் எழுதுங்கள்.

இந்த மாதம் உங்கள் குழு கூடும் நாளில் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். நானும் இரண்டு மாணவர்களும் காலை பத்து மணிக்கே அலுவலகத்துக்கு வெளியே இருப்போம். வீட்டில் வைத்திருந்த கொஞ்சம் தூள் தப்பியிருக்கிறது. அதையும் ஒரு காந்தத்தையும் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் துறை உதவிப் பேராசிரியை ஒருவர்